தளபதி நின்ற இடம்

பதவி என்பது பிறரை ஏவுவதற்குக் கிடைத்த உரிமை என்று எண்ணுவோர் உலகிற் பலர். பிறருக்கு வரும் இடரைத் தாம் முந்தி ஏற்பதற்குக் கிடைத்த கடமை என்று எண்ணுவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் இந்தியக் குதிரைப்படை அலுவலராகிய லெப்டினன்ட் கேணல் அர்தேஷிர் புர்சோர்ஜி தாராபோர்.

1923ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆந் திகதி பம்பாயில் ஒரு பார்ஸிக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பூனாவிற் கல்வி கற்றபின், 1942இல் ஐதராபாத் சமஸ்தானத்தின் காலாட்படையில் அலுவலராகச் சேர்ந்தார். அங்கு ஒருநாள் கைக்குண்டு எறியும் பயிற்சி நடந்தது. புதிதாகச் சேர்ந்த வீரன் ஒருவன் பதற்றத்தினாற் குண்டைச் சரிவர எறியாது அருகிலேயே வீழ்த்திவிட்டான். கணமும் தாமதியாது பாய்ந்து அதனை எடுத்து அப்பால் வீசினார் தாராபோர். குண்டு வெடித்துச் சிதறியதில் அவர் மார்பு காயமுற்றது. ஏனையோர் உயிர் தப்பினர். இதனைக் கண்ணுற்ற சமஸ்தானப் படைத்தலைவர் எல் எட்ரூஸ் அவரை அழைத்துப் பாராட்டியபோது, அவர் கேட்ட வரம் ஒன்றே: தம்மைக் குதிரைப்படைக்கு மாற்றவேண்டும் என்பது. அவ்வாறே மாற்றப்பெற்று, இரண்டாம் உலக யுத்தத்தின்போது மத்திய கிழக்கிற் பணியாற்றினார்.

1948இல் ஐதராபாத் இந்தியாவுடன் இணைந்தது. 1951இல் அவர் பூனா குதிரைப்படையைச் சேர்ந்தார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அப்படைப்பிரிவில் அப்போது குதிரைகள் இல்லை. அவற்றின் இடத்தை யுத்த தாங்கிகள் பிடித்திருந்தன. பெயரும் மரபும் மாத்திரம் மாறவில்லை.

1965ஆம் ஆண்டு இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டபோது, அப்படைப்பிரிவின் தளபதி தாராபோரே. செப்டெம்பர் 11ஆந் திகதி சியால்கோட் களத்திற் பில்லோராவைக் கைப்பற்றும் போரில் அவர் காயமுற்றார். சிகிச்சைக்காகப் பின்வாங்கியிருப்பின் எவரும் குறை கூறியிரார். அவரோ செல்ல மறுத்து, காயத்துடனேயே படையை நடத்தினார். 14ஆந் திகதி வசீர்வாலியும், 16ஆந் திகதி ஜஸ்ஸோரானும் பூட்டூர் டோகரண்டியும் அவர் வசமாயின. அவரது தாங்கி பலமுறை தாக்குண்டும் அவர் நிலைபெயரவில்லை. அந்த 16ஆந் திகதியே களத்தில் உயிர் நீத்தார். வயது 42. எதிரியின் ஏறக்குறைய அறுபது தாங்கிகளை அழித்த அவர் படை இழந்தவை ஒன்பதே என்று விருதுச் சான்றுரை கூறுகின்றது. எனினும் அவர்கள் குறிவைத்த சாவிண்டா நகரம் வீழவில்லை. அம்மாதம் 23ஆந் திகதி போர்நிறுத்தம் வந்தது. ஆகவே அவர் பெருமையை வென்ற நிலத்தைக்கொண்டு அளத்தல் பொருந்தாது.

தாம் வீழ்ந்தால் போர்க்களத்திலேயே தகனஞ் செய்யுமாறு அவர் முன்னரே தோழர் ஒருவரிடம் சொல்லியிருந்தார். பிரார்த்தனை நூலைத் தாயாருக்கும், மோதிரத்தை மகளுக்கும், பேனாவை மகனுக்கும் கொடுக்கும்படியும் கேட்டிருந்தார். உடலைத் தீயிலிடுவது பார்ஸி மரபன்று. ஆயினும் தம் வீரர் பலரும் வீழ்ந்த மண்ணிலேயே தாமும் அடங்க விரும்பினார். அவ்விருப்பம் நிறைவேற்றப்பட்டது.

இந்தியாவின் அதியுயர் வீர விருதாகிய பரம்வீர் சக்கரம் அவருக்கு மறைவின்பின் வழங்கப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழிந்து, 1971 டிசெம்பர் 16ஆந் திகதி, அதே படைப்பிரிவின் இளம் அலுவலர் அருண் கேத்தர்பால் எரியும் தாங்கியை விட்டு அகல மறுத்துப் போரிட்டு மாண்டு அதே விருதைப் பெற்றார். தாராபோர் விட்டுச்சென்ற மெய்யான செல்வம் இதுவென்றே கூறலாம். 2023இல் அந்தமான் தீவுகளுள் ஒன்றுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது.

போரை விரும்பவேண்டும் என்பதற்காக இவ்வரலாற்றை எழுதவில்லை. போர் எத்தனை வீடுகளை இருளாக்கும் என்பதைப் பெரியோர் அறிவர். இளைஞராகிய நாம் கற்கவேண்டியது வேறு. புதிய வீரன் தவறவிட்ட குண்டின்முன் தாராபோர் அவனைக் கடிந்துகொண்டு நிற்கவில்லை; குண்டைத் தாமே எடுத்தார். நாளை சங்கத்திலோ தொழிலிலோ வீட்டிலோ பொறுப்பேற்கும்போது, நம்மை நம்பி நிற்பவன் தவறிழைத்தால், முதலில் நீளவேண்டியது நம் கையா, நாவா என்பதை இன்றே எண்ணிப் பார்ப்போமாக.