வீரரும் நடுவரும்

நாகரசம்பட்டி போன்ற நம் ஊர்களில், மாலை வேளையில் சடுகுடு நடைபெறுங்கால், பாடிச் சென்றவன் மூச்சு விட்டானா, கோட்டைத் தொட்டானா என்பது குறித்துப் பூசல் எழுதலை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். நடுவர் ஒரு கணம் வேறுபுறம் நோக்கியிருந்தால் போதும். ஆட்டம் நின்று வாதம் தொடங்கிவிடும். அங்கே நாம் இழப்பது ஓர் எண்ணே. தொழில்முறைக் குத்துச்சண்டையிலோ, ஒருவருடைய பல்லாண்டு உழைப்பும் குடும்பத்தின் சோறும் நடுவரின் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கும். அத்தகைய தீர்ப்புகளால் பட்டத்தை இழந்தும், ஒருமுறை பெற்றும், பின்னர்த் தாமே நடுவராய் நின்று பழி சுமந்தும் வாழ்ந்தவர் ஜெர்சி ஜோ வால்காட்.

இவர் 1914ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள் அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அர்னால்டு கிரீம் என்பது. தந்தையார் பார்படாஸ் தீவிலிருந்து வந்து குடியேறியவர். இவர் சிறுவராய் இருந்தபோதே தந்தையார் இறந்தமையால், பள்ளியை விட்டு, சூப்பு தயாரிக்கும் ஆலையொன்றில் கூலி வேலைக்குச் சென்று, அன்னைக்கும் உடன்பிறந்தார்க்கும் உணவளித்தார். 1930ஆம் ஆண்டில், பதினாறாம் வயதில், குத்துச்சண்டை மேடை ஏறினார். புகழ்பெற்ற முன்னாள் வீரர் ஒருவரின் பெயர் ஜோ வால்காட். அப்பெயரையே இவர் தமக்குச் சூட்டிக்கொண்டு, தம் மாநிலத்தின் பெயரையும் அதனோடு சேர்த்துக்கொண்டார்.

பெயர் பெரிதாயிற்று, வருவாய் பெருகவில்லை. மணம்புரிந்து அறுவர் மக்களுக்குத் தந்தையான பின்னரும் வறுமை அவரை விடவில்லை. சண்டையைத் துறப்பதும், கூலி வேலைக்குச் செல்வதும், அது போதாமல் மீண்டும் மேடை ஏறுவதுமாகப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. முப்பது வயதைக் கடந்த பின்னரே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

1947ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 5ஆம் நாள், நியூயார்க்கு நகரத்து மாடிசன் சதுக்க அரங்கில், உலகப் பெரும் எடைப் பட்டத்திற்காக ஜோ லூயியை எதிர்த்து வால்காட் நின்றார். லூயியோ பத்து ஆண்டுகள் பட்டத்தை விடாது காத்தவர். வால்காட் ஓரிரு சுற்றுகள் தாங்கினாலே வியப்பு என எண்ணி வந்தனர் மக்கள். ஆனால் முதற் சுற்றிலேயே லூயி கீழே விழுந்தார். நான்காம் சுற்றில் மீண்டும் விழுந்தார். பதினைந்து சுற்றுகளும் முடிந்தபொழுது லூயியின் முகம் வீங்கியிருந்தது. அவர் தாம் தோற்றதாகவே கருதி, தீர்ப்பைக் கேளாமலே மேடையை விட்டு இறங்க முற்பட்டார். அவர்தம் துணைவர்கள் அவரைத் தடுத்து நிறுத்தினர்.

அக்காலத்து நியூயார்க்கு முறைப்படி, மேடைமேல் நின்ற நடுவர் ஒருவரும், கீழே வெவ்வேறு பக்கங்களில் அமர்ந்த தீர்ப்பாளர் இருவரும், ஒவ்வொரு சுற்றையும் வென்றவர் யாவர் என்று தனித்தனியே குறித்து வருவர். இருவர் ஒருபக்கம் சாய்ந்தால் அதுவே முடிவு. நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் வால்காட்டுக்கு ஏழு சுற்றுகளும், லூயிக்கு ஆறும் அளித்து, இரண்டைச் சமன் என்று குறித்திருந்தார். தீர்ப்பாளருள் ஒருவர் எட்டும், மற்றவர் ஒன்பதும் லூயிக்கே வழங்கியிருந்தனர். பட்டம் லூயியிடமே நின்றது. அரங்கத்தில் கண்டனக் கூச்சல் எழுந்தது. லூயியே வால்காட்டிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டார். வால்காட்டின் தரப்பார் முறையிட்டும் பயனில்லை.

மூவரும் கண்டது ஒரே சண்டை. ஆயினும் முன்னேறித் தாக்குவோனுக்குச் சிறப்பளிப்பார் ஒருவர். விலகி நின்று தெளிவாகக் குத்துவோனுக்குச் சிறப்பளிப்பார் மற்றொருவர். வால்காட்டோ பின்வாங்கியே போரிடும் இயல்பினர். வெற்றி உறுதியென நம்பி, இறுதிச் சுற்றுகளில் இன்னும் விலகியே நின்றார். பட்டம் உடையவனிடமிருந்து அதனைப் பறித்தாலன்றிக் கிடையாது என்னும் எழுதா வழக்கமும் அவருக்குப் பகையாயிற்று. அத்தீர்ப்புப் பிழையே என்பது பலருடைய கருத்து. மேடைமேல் அருகிருந்து கண்ட நடுவரின் குறிப்பை நோக்கும்போது நமக்கும் அவ்வாறே தோன்றுகிறது.

மறு ஆண்டு சூன் 25ஆம் நாள் இருவரும் மீண்டும் மோதினர். லூயி பதினோராம் சுற்றில் வால்காட்டை வீழ்த்தினார். அம்முறை வாதத்திற்கு இடமில்லை. பின்னர் எஸார்டு சார்லஸிடம் இருமுறை தோற்று, 1951ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் பிட்சுபர்க்கு நகரில் அவரையே ஏழாம் சுற்றில் வீழ்த்திப் பட்டம் பெற்றார் வால்காட். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. அத்துணை முதிர்ந்த வயதில் அதுவரை எவரும் அப்பட்டத்தை எய்தியதில்லை.

அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் சார்லஸை எதிர்த்துப் பட்டத்தைக் காத்தபொழுது, தீர்ப்பு வால்காட்டின் பக்கம் அமைந்தது. வென்றவர் சார்லஸே என்று பத்திரிகையாளர் பலர் எழுதினர். ஐந்தாண்டுகளுக்கு முன் இவர் பட்ட துயரத்தை இப்போது சார்லஸ் பட்டார் எனலாம்.

1952ஆம் ஆண்டு செப்டம்பரில் ராக்கி மார்சியானோவிடம் பட்டம் பறிபோயிற்று. 1953ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் சிகாகோவில் நடந்த மறுபோட்டி முதற் சுற்றிலேயே முடிந்தது. குத்துண்டு அமர்ந்த வால்காட், நடுவர் பத்து எண்ணி முடித்தவுடன் எழுந்தார். எண்ணிக்கை விரைந்து எண்ணப்பட்டது என்று அவர் தரப்பார் வழக்காடினர், எவரும் செவிசாய்க்கவில்லை. அத்துடன் அவர்தம் சண்டை வாழ்வு முடிவுற்றது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1965ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், மெயின் மாநிலத்து லூயிஸ்டன் என்னும் சிறு நகரில், முகம்மது அலிக்கும் சோனி லிஸ்டனுக்கும் நிகழ்ந்த பட்டப் போட்டிக்கு வால்காட் நடுவரானார். (1980ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து மேடையேறிக் காட்டிய அதே அலிதான் இவர்.) வீரன் ஒருவன் விழுந்தால், மற்றவன் நடுநிலை மூலைக்குச் சென்ற பின்னரே நடுவர் எண்ணத் தொடங்குதல் வேண்டும் என்பது விதி. 1927ஆம் ஆண்டில் சிகாகோவில், வீழ்த்திய டெம்சி மூலைக்குச் செல்லத் தாழ்த்தமையால், விழுந்த டன்னி கூடுதலாகச் சில நொடிகள் பெற்று எழுந்து வென்ற கதை வால்காட் அறியாததன்று.

முதற் சுற்றிலேயே, பலருடைய கண்ணுக்கும் புலப்படாத ஒரு குத்தில் லிஸ்டன் விழுந்தார். அலி மூலைக்குச் செல்லாமல், விழுந்தவர்மேல் நின்று ஆர்ப்பரித்தார். வால்காட் அவரை விலக்குவதிலேயே முனைந்தார்; எண்ணிக்கையைத் தொடங்கவில்லை. மேடைக்குக் கீழே நேரம் குறிப்போர் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். லிஸ்டன் எழுந்தார், இருவரும் மீண்டும் சண்டையிடலாயினர். அவ்வேளையில், மேடையருகே அமர்ந்திருந்த பத்திரிகை ஆசிரியர் நாட் பிளைஷர், பத்து கடந்துவிட்டது என்று கூவினார். அவருக்குத் தீர்ப்பில் எவ்வித உரிமையும் இல்லை. ஆயினும் வால்காட், சண்டையிடுவோரை விட்டு விலகிச் சென்று கேட்டறிந்து, திரும்பி வந்து அலியின் கையை உயர்த்தினார்.

விதியை நுணுகி நோக்குவார், அலி மூலை சேராதவரை எண்ணிக்கையே தொடங்கவில்லை. ஆதலின் லிஸ்டன் தோற்றவராகார் என்பர். சண்டை முடிந்த நேரம் ஒரு நிமிடம் என அறிவிக்கப்பட்டது. திரைப்படச் சுருளை அளந்தபோது இரண்டு நிமிடம் பன்னிரண்டு நொடி என்று தெரிந்தது. உலகப் பத்திரிகைகள் வால்காட்டைக் கடிந்தன. விரைந்து எண்ணியதற்காக ஒரு நடுவர்மேல் குறை கூறியவரின் தரப்பு, எண்ணாமல் விட்டதற்காகக் குறை கேட்க நேர்ந்தது.

ஆயினும் அவரைத் தம் ஊரார் கைவிடவில்லை. 1971ஆம் ஆண்டில் கேம்டன் மாவட்டத்துத் தலைமைக் காவலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவி எய்திய முதற் கறுப்பினத்தவர் அவரே. 1975 முதல் 1984 வரை நியூ ஜெர்சி மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் தலைவராய் இருந்து, வீரர்க்கு உரிமம் வழங்குதலையும் போட்டிகளைக் கண்காணித்தலையும் மேற்கொண்டார். எழுபதாம் வயதில் ஓய்வுபெற்றார்.

1994ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 25ஆம் நாள் வால்காட் காலமானார். முதிய வயதில் பட்டம் வென்றவர் என்ற அவர்தம் பெருமை, அவ்வாண்டு நவம்பரில் ஜார்ஜ் போர்மன் நாற்பத்தைந்தாம் வயதில் வென்றபோதுதான் கைமாறிற்று. கேம்டன் நகரில் ஆற்றங்கரைப் பூங்காவில் 2022ஆம் ஆண்டு முதல் வால்காட்டின் சிலை நிற்கிறது.