ஒப்பந்தத்தை நம்பிய ஆளுநர்: ஹைன்ரிச் ஷ்னேயின் வாழ்க்கை

முதல் உலகப் போர் ஆப்பிரிக்காவுக்குப் பரவாமல் தடுக்க ஒரு சட்ட விதியை நம்பியவர், ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் கடைசி ஆளுநர் ஹைன்ரிச் ஷ்னே. அந்த விதி அவரைக் கைவிட்டது.

1871ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்த ஷ்னே, சட்டம் பயின்றவர். 1898இல் ஜெர்மன் நியூ கினியாவில் நீதிபதியாகப் பணியேற்றார். பின்னர் சமோவாவில் துணை ஆளுநராகவும், பெர்லினில் குடியேற்ற நிர்வாகத்தின் உயர் அதிகாரியாகவும் பணியாற்றினார். 1912இல் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆளுநரானார். இன்றைய தான்சானியாவின் பெருநிலப்பகுதி, ருவாண்டா, புருண்டி ஆகியவை அதில் அடங்கியிருந்தன.

அந்த மண்ணில் 1905 முதல் 1907 வரை நடந்த மாஜி மாஜி கிளர்ச்சியை ஜெர்மன் படைகள் கொடூரமாக ஒடுக்கியிருந்தன. பயிர்கள் அழிக்கப்பட்டதால் பஞ்சம் பரவி, பெருந்திரளான மக்கள் மடிந்தனர். இன்னொரு போர் மூண்டால் மீண்டும் கிளர்ச்சி வெடிக்கும் என ஷ்னே அஞ்சினார்.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது, 1885ஆம் ஆண்டின் பெர்லின் ஒப்பந்தத்தை அவர் நாடினார். காங்கோ படுகையைச் சார்ந்த நிலப்பகுதிகள் போரில் நடுநிலை வகிக்க அது இடமளித்தது. தார் எஸ் சலாம், தாங்கா துறைமுகங்கள் குறித்துப் பிரிட்டிஷ் கடற்படையுடன் போர்நிறுத்த உடன்பாடும் செய்துகொண்டார். படைத்தளபதி பால் வான் லெட்டோ-வோர்பெக் இதை ஏற்கவில்லை. விதிகளின்படி படைகள் மீதான இறுதி அதிகாரம் ஆளுநருக்கே உரியதாயினும், போர்க்களத்தில் தளபதியின் கையே ஓங்கியது.

அதே ஆண்டு நவம்பர் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து வந்த சுமார் 8,000 வீரர்கள் தாங்காவில் தரையிறக்கப்பட்டனர். 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் அவற்றுள் ஒன்று. போதிய ஆயத்தமின்றிக் களமிறக்கப்பட்ட இப்படை, சுமார் 1,000 பேரைக் கொண்ட எதிரிப் படையிடம் தோற்றுப் பின்வாங்கியது.

அதன்பின் நான்கு ஆண்டுகள் போர் நீடித்தது. இரு தரப்பும் ஆப்பிரிக்கர்களைச் சுமை தூக்கவைத்தன. நோயாலும் பசியாலும் பல்லாயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். தளபதியுடன் இறுதிவரை அலைந்த ஷ்னே, 1918 நவம்பர் 25இல் இன்றைய சாம்பியாவின் அபர்கார்னில் படை சரணடைந்தபோது உடனிருந்தார்.

நாடு திரும்பிய பின், ஜெர்மனியின் குடியேற்ற ஆட்சி மோசமானது என்ற குற்றச்சாட்டைப் பொய்யென நிறுவுவதையே தம் வழக்காக்கிக்கொண்டார். 1924இல் இது குறித்து நூல் எழுதினார். நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். குடியேற்றங்களை மீட்க வேண்டும் எனத் தொடர்ந்து வாதிட்டார். மாஜி மாஜியில் மாண்டோரின் தரப்பை அவரது வாதம் பேசவில்லை.

1932இல் மஞ்சூரியாவை ஜப்பான் கைப்பற்றியதை விசாரித்த நாடுகள் சங்கத்தின் லிட்டன் குழுவில் அவரும் இடம்பெற்றார். பிறர் நிலத்தை ஆண்ட ஒருவர், பிறர் நிலம் பறிக்கப்பட்டதை ஆராயும் இருக்கையில் அமர்ந்தார். 1933 முதல் 1945 வரை நாஜி ஆட்சியின் நாடாளுமன்றத்திலும் உறுப்பினராக நீடித்தார். 1949இல், 78ஆவது வயதில், பெர்லினில் மறைந்தார்.

நடுநிலைக்காக அவர் எடுத்த முயற்சி உண்மையானது. ஆனால் அவர் காக்க விழைந்த அமைதி, அந்நிய ஆட்சியின் அமைதி. அதில் அம்மண்ணின் மக்களிடம் எவரும் சம்மதம் கேட்டிருக்கவில்லை.