தொழிலும் தொண்டே: சீகன்பால்கு ஐயரின் வாழ்வு

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் மலரில் கவிஞர்தம் பெயர்கள் ஒளிர்கின்றன. ஆயின், ஒரு கவிதை ஏட்டிலேறுமுன் எத்தனை கைகளைக் கடந்து வருகின்றது! தாள் செய்தவர், எழுத்து வார்த்தவர், அச்சுக் கோத்தவர் ஆகியோர் பெயர்களை எந்த மலரும் தாங்குவதில்லை. பெயரின்றி மறையும் அத்தொழில்களையும் இறைவனுக்குரிய தொண்டென்றே கொண்டவர் ஒருவர் தமிழ் மண்ணில் வாழ்ந்தார். அவ்வாறு கொண்டமைக்காகவே தம் மேலோரின் கடிந்துரைக்கும் ஆளானார். அவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர்.

செருமனியின் சாக்சனி நாட்டுப் புல்சுநிட்சு என்னும் சிற்றூரில் 1682ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் அவர் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். நோயுற்ற உடலோடு ஆலே நகரில் இறையியல் பயின்றார். ஆதரவற்ற சிறுவர்க்கு இல்லமும் பள்ளியும் நடத்திய பிராங்கே அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். செபமும் செயலும் இரண்டல்ல என்னும் பாடத்தை அவர் அங்குத்தான் கற்றார் எனலாம். தென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கு அனுப்ப, புளூச்சோ என்னும் துணைவருடன் 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு இருபத்து நான்கு அகவைகூட நிரம்பவில்லை.

வந்தவர் செய்த முதற்பணி போதிப்பதன்று, கற்பது. முதிய ஆசிரியர் ஒருவரிடம் பயின்ற சிறுவர்களோடு தாமும் ஒருவராய்த் தரையிலமர்ந்து, மணலில் விரலால் தமிழெழுத்தை எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1708இல் அவற்றிற்கு விளக்கப் பட்டியல் வரைந்தார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றைச் செருமன் மொழியில் பெயர்த்தார். சமயம் பரப்ப வந்தவர்தாம் அவர். அதனை மறைத்துக் கூற வேண்டுவதில்லை. எனினும், இம்மண்ணின் அறநூல்களை அவர் ஒரு மாணவரின் பணிவோடு அணுகினார் என்பதும் மறுக்கவியலாத உண்மையாகும்.

தரங்கம்பாடிக் கோட்டையின் தளபதி, 1708இன் இறுதியில் அவரைச் சிறையிலிட்டார். நான்கு திங்கள் கழித்து வெளிவந்தவர், முன்னரே தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தைத் தொடர்ந்து 1711இல் நிறைவு செய்தார். நூல் உருவாயிற்று, மக்கள் கைக்கு அதனைக் கொண்டு சேர்ப்பது எவ்வாறு?

இங்கேதான் அவர் வாழ்வின் அருமையான பகுதி தொடங்குகின்றது. தமிழ் அச்சுக்கு அவர் முதல்வரல்லர். 1578இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியிருந்தது. ஆனால் அம்மரபு இடையில் அற்றுப்போயிருந்தது. இலண்டனிலிருந்து அச்சுப்பொறி ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். உடன்வந்த அச்சுத் தொழிலறிஞர் வழியிலேயே இறந்தார். பொறி மட்டும் 1712இல் கரை சேர்ந்தது. ஆலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் அடுத்த ஆண்டு வந்தன. அவை அளவிற் பெரியனவாய் இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. தாளோ கடல் கடந்து வரவேண்டிய பொருள். எனவே அருகிலுள்ள பொறையாற்றில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. முற்பகுதி பெரிய எழுத்திலும், பிற்பகுதி சிறிய எழுத்திலுமாகப் புதிய ஏற்பாடு 1715இல் முழுமை பெற்றது. பொறையாற்றில் தாள் செய்யும் ஆலையொன்றும் எழுந்தது. பள்ளிகள் நடந்தன, பெண்மக்களுக்கும் எழுத்தறிவு ஊட்டப்பட்டது.

கிறித்தவ மறை உழைப்பை இழிவென்று கருதுவதில்லை. இயேசு பெருமான் தச்சர் இல்லத்தில் வளர்ந்தவர். பவுலடியார் கூடாரம் செய்து பிழைத்தவர். துறவியின் தவம் மட்டுமன்று, சக்கிலியர் தைக்கும் செருப்பும் தாய் துவைக்கும் குழந்தைத் துணியும் இறையழைப்பின் நிறைவேற்றமே என்பது மார்ட்டின் லூதர் வழிவந்தோர் கொள்கை. அக்கொள்கையைச் சீகன்பால்கு ஈயத்திலும் தாளிலும் காட்டினார்.

ஆனால் கோப்பன்ஹேகனில் இருந்த அருட்பணி மன்றத்தின் செயலர் வெண்ட் வேறாகக் கருதினார். திருத்தூதர்களைப் போல் வெறுங்கையராய் ஊரூராகச் சென்று நற்செய்தி கூறுவதே தொண்டர் கடமை. பள்ளியும் கட்டடமும் பிற அமைப்புகளும் உலகியல் சுமைகள் என்பது அவர் துணிபு. இதில் உண்மை சிறிதுமில்லை என்று தள்ளிவிட இயலாது. அமைப்பு வளருங்கால் அருள் மெலிவதை எக்காலத்தும் காண்கின்றோம். சீகன்பால்கோ, மனிதனின் உயிரும் உடலும் பிரிக்கவியலாதவை. ஆகவே உயிர்க்குச் செய்யும் தொண்டும் உடற்குச் செய்யும் தொண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்று வாதிட்டார். பசித்தவனுக்கும் எழுத்தறியாதவனுக்கும் வெறுஞ்சொல் என் செய்யும் என்பதே அவ்வாதத்தின் சாரம்.

1718ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. அவ்வமயம் உடல்நலம் குன்றியிருந்தவரைத் தலைமையிடத்துக் கடிந்துரை மேலும் தளர்த்தியது. 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், முப்பத்தாறாம் அகவையில் அவர் மறைந்தார். பழைய ஏற்பாட்டின் தமிழாக்கம் ரூத் நூலோடு நின்றிருந்தது. தென்னிந்தியக் கடவுளரைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த ஆய்வு நூல், 1867இல்தான் சென்னையில் அச்சேறியது.

தம் வழக்கில் தீர்ப்பைக் கேளாமலே சென்றவர் அவர். தீர்ப்பைக் காலம் எழுதியது. எழுத்து வார்த்த அக்கைகளின் உழைப்பு, ஒரு சமயத்தாரின் எல்லையைக் கடந்து தமிழ் அச்சு வரலாற்றின் பகுதியாயிற்று. அன்று உலகியற் சுமையென்று பழிக்கப்பட்டதே இன்று அனைவர்க்கும் எஞ்சி நிற்கின்றது.

சொல்லைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வாழ்வு கூறுவது ஒன்றுண்டு. கவிதை உயர்ந்தது, அதனைச் சுமக்கும் உழைப்பு தாழ்ந்தது என்னும் எண்ணம் நம்மிடையே தலைகாட்டலாகாது. மெய்ப்புத் திருத்தியவரும், கூட்டத்திற்கு இருக்கை விரித்தவரும், நங்கநல்லூர்த் தெருக்களில் அழைப்பிதழ் கொடுத்து நடந்தவரும் சேர்ந்தே இப்பத்தாண்டை ஆக்கினர். இம்மலரின் ஏதேனும் ஒரு பக்கத்தில் அவர்தம் பெயர்களும் இடம்பெறுமாயின், அதுவே சீகன்பால்கு ஐயருக்கு நாம் செய்யும் தக்க நினைவாகும்.