முத்துலட்சுமி அம்மையாரும் காலந்தாழ்ந்த மருத்துவமும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் பலரும் முதல் என்னும் சொல்லிலேயே தங்கிவிடுகின்றனர். ஆண்கள் கல்லூரியில் பயின்ற முதல் பெண், சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், அதன் முதல் பெண் துணைத்தலைவர் என்று பட்டியல் நீளும். பட்டியல் பெருமைக்குரியதே. ஆயினும் அவ்வாறு எண்ணிக்கொண்டே போகும்போது அந்த முதன்மைகளை இணைத்து ஓடும் இழை நம் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது. நோயுற்ற பெண் உரிய காலத்தில் மருத்துவரிடம் வந்து சேராமைக்கு எவையெல்லாம் காரணமோ, அவற்றோடு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பொருதியவர் அம்மையார். அவருடைய வாழ்வை இந்த நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் கருத்து.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் அவர் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். அக்காலச் சமூகம் அத்தகைய குடும்பத்தை எவ்வாறு நோக்கியது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பெண் பருவமெய்திய பின்னும் படிக்க வேண்டும் என்று தந்தை துணிந்தார். கல்லூரியில் சேர்க்க முனைந்தபோது, ஆண் பிள்ளைகள் கெட்டுப்போவர் என்ற எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைந்தமையால் இடம் கிடைத்தது.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் தேறி வெளிவந்தார். அந்நாளில் ஒரு பெண் மருத்துவம் பயில்வது அவளுடைய தனிப்பட்ட உயர்வு மட்டுமாக இருக்கவில்லை. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டுவதினும் உயிரை விடுவதே மேல் என்று குடும்பங்கள் கருதிய காலம் அது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் தம் மனைவியரின் பிள்ளைப்பேற்றுக்குப் பெண் மருத்துவர் வேண்டி வந்து, இல்லையென அறிந்து ஆண் மருத்துவரை ஏற்காமல் திரும்பினர். அம்மூன்று பெண்களும் இறந்தனர். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்க இளம்பெண் மருத்துவம் கற்று வந்து வேலூரில் பணி தொடங்கியதைப் பலரும் அறிவர். முத்துலட்சுமி அம்மையார் மருத்துவப் பட்டம் பெற்றது அந்தக் கதவடைப்புக்கு நடுவில்தான் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்க இசைந்தபோதும், தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் பணிகளுக்குத் தடை சொல்லலாகாது என்னும் உறுதிமொழியைப் பெற்ற பின்னரே இசைந்தார்.

இனி நான் சற்று நின்று சொல்ல விரும்புவது 1923ஆம் ஆண்டைப் பற்றி.

அம்மையாரின் தங்கை நோயுற்றார். வயிற்றுக் கடுப்பு எனக் கருதி அதற்குரிய மருத்துவம் செய்யப்பட்டது. நாட்கள் சென்றன, நோய் தணியவில்லை. பின்னர்தான் அது மலக்குடலில் தோன்றிய புற்று என்பது தெரியவந்தது. அப்போது செய்யத்தக்கது எதுவும் மிஞ்சவில்லை. இளம் வயதிலேயே அப்பெண் பெருந்துன்பத்திற்கிடையே உயிர் நீத்தார். உடனிருந்து கண்டவர் தமக்கை.

இந்நிகழ்ச்சியை அம்மையாரின் வரலாற்றை எழுதுவோர் எல்லாரும் குறிப்பிடுகின்றனர். துயரத்தின் ஊற்றாகக் காட்டிவிட்டு மேலே சென்றுவிடுகின்றனர். அதில் அடங்கிய மற்றோர் உண்மையை அவர்கள் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். கல்வியில்லாமையால், ஏழ்மையால், தொலைவால் பெண்கள் காலந்தாழ்த்துகின்றனர் என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். இங்கு நோயாளியின் தமக்கையே மருத்துவர். வீடு தலைநகரில். மருத்துவமனையும் மருத்துவர்களும் கூப்பிடு தூரத்தில். இருந்தும் நோய்க்கு வேறொரு பெயர் சூட்டப்பட்டுக் காலம் கழிந்தது. பெண் வாய்திறந்து சொல்லாமல் இருப்பது ஒரு தாமதம். சொன்ன பின்னும் வீட்டார் செவிகொடாமல் இருப்பது மற்றொன்று. மருத்துவரிடம் வந்து சேர்ந்த பின்னும் நோய் இன்னதென்று துணியப்படாமல் இருப்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் பெண்ணையும் அவள் குடும்பத்தையும் குறை சொல்லலாம். மூன்றாவதற்கு மருத்துவ உலகமே பொறுப்பு. தங்கையின் சாவில் அம்மையார் கண்டது இதனை. புற்றுநோயை ஐயுறப் பழகிய மருத்துவரும் அதற்கென்றே அமைந்த ஓர் இடமும் வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது வியப்பன்று.

1925இல் மேற்படிப்புக்காக லண்டன் சென்றார். பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றிப் பயின்றதோடு, புற்றுநோய்க்கென்றே அங்கு இயங்கிய மருத்துவமனையையும் கண்டார். திரும்பிய பின் சட்டமன்றப் பணி அவரை ஈர்த்துக்கொண்டது. தேவதாசி ஒழிப்பு, குழந்தை மணத் தடுப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை எனப் பல துறைகளில் போராடினார். 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். அவ்வை இல்லமும் அக்காலத்தில் எழுந்ததே. இவை விரிவாக எழுதப்பட்டுள்ளமையால் இங்கே கடந்து செல்கின்றேன்.

சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா 1935இல் நடந்தபோது புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்னும் கருத்தை அம்மையார் அவையில் முன்வைத்தார். கருத்து ஏற்கப்பட்டதாகத் தோன்றிச் செயலின்றிக் கிடந்தது. 1941இல் பம்பாயில் டாட்டா மருத்துவமனை எழுந்தது, தென்னாட்டில் ஒன்றுமில்லை. 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கி வீடு வீடாகப் பொருள் திரட்டலானார். அறுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர், பலர் வாயால் சொல்லவும் அஞ்சிய ஒரு நோயின் பெயரைச் சொல்லிக் கையேந்தி நின்றதை எண்ணிப் பார்க்க வேண்டும். புற்று வந்தோர் எப்படியும் இறக்கத்தான் போகின்றனர், அவர்களுக்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்னும் வினா ஆட்சியாளரிடமிருந்தே எழுந்தது. இவ்வினா வெறும் சிக்கனத்தால் எழுந்ததன்று. அதன் உள்ளே ஒரு வளையம் சுழல்கின்றது. முற்றிய பின் வருவதால் இறக்கின்றனர்; இறப்பதையே காண்பதால் வருவதற்கு அஞ்சுகின்றனர்; அஞ்சுவதால் முற்றிய பின்னரே வருகின்றனர். அவ்வளையத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

1952 அக்டோபர் 10 அன்று ஜவாஹர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை செயற்படத் தொடங்கியது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டு, அரசுப் பணி கைக்கெட்டியிருந்தும் அதனை விடுத்து டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021இல் மறையும்வரை அவருக்கு அதுவே வீடாயிற்று. பெண்ணின் உடலைப் பெண் மருத்துவரே தொட்டுச் சோதிக்கும் வாய்ப்பு, 1907இல் ஒரு மாணவி கண்ட கனவின் ஒரு பகுதி, இவ்வாறு புற்றுநோய்த் துறையிலும் கைகூடியது.

வாய்ப்பு வந்தபின்னும் பெண்கள் வந்தார்களா? வந்தனர், காலம் கடந்தே வந்தனர். கருப்பை வாயிலும் மார்பகத்திலும் தோன்றிய புற்று முற்றிய நிலையில் வந்தோர் மிகுதி. சிறப்பாக மார்பகப் புற்றின் இயல்பே ஏமாற்றுவது. தொடக்கத்தில் தோன்றும் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலித்தால்தான் நோய் என்று நம்பும் மக்கள் நாம். அடுப்படியும் பிள்ளைகளும் வயலும் காத்திருக்க, வலிக்காத ஒன்றுக்காக மருத்துவமனை வாசலில் ஒரு நாளைக் கழிக்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? தோல் குழிந்து, காம்பு உள்வாங்கி, புண் வெடித்த பிறகு வலி வருகின்றது. அதுவரை அவள் மறைத்ததைப் புடவைத் தலைப்பும் மறைத்துவிடுகின்றது.

இவ்விடத்தில் நம் வட்டத்துக் கவிஞர்களிடம் ஒரு சொல். கொங்கை, முலை, நகில், தனம் என்று இவ்வுறுப்புக்குத் தமிழில் பெயர்கள் பல. சங்கப் பாடல் தொட்டுச் சிற்றிலக்கியம் வரை அதற்குச் சொல்லப்படாத உவமை அரிது. மதுரையை எரித்ததும் அதுவே. இத்துணைச் சொல்வளம் மிக்க மொழியைப் பேசும் பெண், தன் மார்பில் ஒரு கட்டியைக் கண்டால் கணவனிடமோ மகனிடமோ சொல்லச் சொல்லின்றித் தவிக்கின்றாள். நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்கின்றாள்; வீட்டார் சுக்குக் கஷாயம் வைத்துத் தருகின்றனர். வருணிப்போர்க்குக் கிடைத்த சொல் நோவோர்க்குக் கிடைக்கவில்லை. 2002இல் குட்டி ரேவதி தம் கவிதைத் தொகுதிக்கு முலைகள் என்று பெயரிட்டபோது எழுந்த வசைகளை நாம் மறந்திருக்க முடியாது. ஆண் புலவர் நூற்றாண்டுகளாகக் கூசாமல் ஆண்ட சொல், பெண்ணின் கையெழுத்தில் வந்ததும் கூச்சத்திற்குரியதாயிற்று. அக்கூச்சத்திற்கும் மருத்துவமனைக்குக் காலந்தாழ்ந்து வரும் பெண்ணுக்கும் தொடர்பில்லை என்று எவரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

1956இல் பத்மபூஷண் பெற்ற அம்மையார் 1968 ஜூலை 22 அன்று மறைந்தார். அவர் காலத்திற்குப் பின் நோயின் முகமும் மாறிற்று. 1980களில் சென்னைப் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றே முதலிடத்தில் இருந்தது. இன்று அவ்விடம் மார்பகப் புற்றுக்குரியது. 2022ஆம் ஆண்டுக்கு உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் கணித்தபடி இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்றுக்கு ஆளானோர் ஏறத்தாழ 1,92,000 பேர். அந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 98,000 பேர். மார்பகத்தைக் கடந்து பரவுமுன் கண்டறியப்பட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். நம் நாட்டிலோ நோயாளிகளில் பெரும்பகுதியினர் கட்டி பெருத்து அக்குளிலும் பரவிய பின்னரே வருகின்றனர். அன்றைய தடை பெண் மருத்துவர் இல்லாமை. இன்று பெண் மருத்துவர் இருக்கின்றார், மம்மோகிராம் இருக்கின்றது, அரசுக் காப்பீடும் இருக்கின்றது.

நோயாளி வந்தமர்ந்ததும் மருத்துவர் கேட்கும் முதல் வினாக்களுள் ஒன்று, கட்டி தோன்றி எவ்வளவு காலமாயிற்று என்பது. அதற்குத் திங்கள் கணக்கில் விடை சொல்லாத பெண்கள் பலர். மகளின் திருமணத்திற்கு முன்பு என்பர். மருமகளின் பேறுகாலத்தின்போது என்பர். மாமியார் படுத்த படுக்கையாக இருந்த நாளில் என்பர். அவள் ஒத்திவைத்த காலம் முழுவதும் வேறொருவர் பெயரிலேயே கணக்கு எழுதப்பட்டிருக்கும்.