மில் முதலாளி மகன் விட்ட ராக்கெட்

கோடீசுவரர் வீட்டுப் பிள்ளை அவர். விரும்பியிருந்தால் மில் கணக்கைப் பார்த்துக்கொண்டு சுகமாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் அவர் மனம் நாடியது, கேரளத்தில் மீனவர்கள் வாழ்ந்த ஒரு கடற்கரையை! அங்கிருந்துதான் இந்திய மண்ணின் முதல் விண்வெளி ராக்கெட் கிளம்பியது.

அவர்தான் விக்ரம் சாராபாய். இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை.

வானத்துக்கு ராக்கெட் விடும் வேலையில் அரசாங்கத்தின் பங்கு எது? தனியாரின் பங்கு எது? இன்று பலரும் பேசும் கேள்வி இது. சாராபாய்க்கு இரண்டு பக்கமும் தெரியும். அவர் வாழ்க்கையைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரே வீட்டில் இரண்டு கட்சி

1919-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ந் தேதி ஆமதாபாத்தில் பிறந்தார் விக்ரம். தந்தை அம்பாலால், காலிகோ மில்லின் அதிபர். தாயார் சரளாதேவி. வீட்டில் எட்டுக் குழந்தைகள்.

அவர் பிறப்பதற்கு முந்திய ஆண்டில் ஆமதாபாத் மில்களில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் போராடினார்கள். முதலாளிகள் பக்கம் முன்னின்றவர் அம்பாலால்.

தொழிலாளர் பக்கம் நின்றது யார் தெரியுமா? அம்பாலாலின் சொந்த அக்காள் அனசூயா பென்! காந்தியடிகள் தொழிலாளர்களுக்காக உண்ணாவிரதம் இருந்தார். கடைசியில் சமரசம் ஏற்பட்டது. சண்டை முடிந்தது.

முதலாளியின் நியாயம், ஏழையின் நியாயம் இரண்டையும் கண்ட குடும்பத்தில்தான் விக்ரம் வளர்ந்தார்.

சென்னை மாப்பிள்ளை

விக்ரம் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் படித்தார். உலகப் போர் மூண்டதால் நாடு திரும்பினார். பெங்களூரில் சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். விண்ணிலிருந்து பூமிக்கு வரும் காஸ்மிக் கதிர்களைப் பற்றி ஆராய்ந்தார்.

அவர் மணந்தது சென்னைப் பெண். பரதநாட்டியத்தில் புகழ்பெற்ற மிருணாளினிதான் அவர். தாயார் அம்மு சுவாமிநாதன், பிற்காலத்தில் திண்டுக்கல் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். சகோதரி, நேதாஜியின் படையில் பணிபுரிந்த கேப்டன் லட்சுமி.

1942-ம் ஆண்டு சென்னையில் திருமணம் நடந்தது. "வெள்ளையனே வெளியேறு" போராட்டம் நாடெங்கும் கொழுந்துவிட்டு எரிந்த சமயம் அது. மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர் கூட வந்து சேர முடியவில்லை!

குடும்பப் பணம், ஊர்ப் பணம்

1947-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். அதே ஆண்டு நவம்பரில் ஆமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கினார். பெற்றோரின் அறக்கட்டளையும், ஊர்க் கல்விச் சங்கமும் பண உதவி செய்தன. அப்போது அவருக்கு வயது 28.

துணி மில்களுக்காக ஓர் ஆராய்ச்சி நிலையத்தையும் அமைத்தார். அதற்கு மில் முதலாளிகளும் பணம் கொடுத்தார்கள், அரசாங்கமும் கொடுத்தது. 1961-ல் ஆமதாபாத்தில் நிர்வாகக் கல்லூரி ஏற்பட்டது. அதிலும் மத்திய அரசு, குஜராத் அரசு, தொழில் அதிபர்கள் மூவரும் கைகோத்தார்கள். கைகோக்க வைத்தவர்களில் முக்கியமானவர் சாராபாய்.

இதற்கிடையே பரோடாவில் குடும்பத்தின் மருந்துத் தொழிலையும் கவனித்து வந்தார்.

ராக்கெட்டுக்குப் பணம் யார் தருவது?

மில்லில் போட்ட பணம் லாபத்தோடு திரும்பி வரும். ராக்கெட்டில் போட்ட பணம் வருமா? ராக்கெட் வெடித்தால் அது கடலில் போட்ட காசுதான்! வெற்றி பெற்றாலும் பலன் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். எந்த வியாபாரி அவ்வளவு காலம் காத்திருப்பான்?

எனவே இந்தச் சுமையை அரசாங்கம்தான் தூக்க வேண்டியிருந்தது. பிரதமர் நேருவும், அணுசக்தித் துறைத் தலைவர் ஹோமி பாபாவும் ஆதரவு தந்தார்கள். 1962-ல் விண்வெளி ஆராய்ச்சிக் குழு ஏற்பட்டது. தலைவர், சாராபாய்.

ராக்கெட் விட திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டது. பூமியின் காந்த நடுக்கோடு அதன் வழியாகச் செல்வதே காரணம். அங்கே ஒரு மாதா கோவிலும், மீனவர் வீடுகளும் இருந்தன. பிஷப் பீட்டர் பெர்னார்டு பெரைரா மக்களிடம் எடுத்துச் சொன்னார். மக்கள் ஒப்புக்கொண்டு வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். மாதா கோவில், விஞ்ஞானிகளின் அலுவலகம் ஆயிற்று.

1963-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி மாலை, முதல் ராக்கெட் சீறிப் பாய்ந்தது. ராக்கெட், அமெரிக்கா கொடுத்தது. உள்ளே இருந்த கருவி, பிரான்சு கொடுத்தது. நான்கே ஆண்டுகளில், 1967-ல், இந்தியாவே செய்த சின்னஞ்சிறு ராக்கெட் அதே கரையிலிருந்து பறந்தது.

குரோம்பேட்டையின் பங்கு

தாம்பரத்திலிருந்து சென்னைக்கு மின்சார ரெயிலில் போகிறவர்கள் குரோம்பேட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே உள்ள எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரிக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு.

1949-ல் அதைத் தொடங்கியவர் தொழில் அதிபர் சி.ராஜம். தம் வீட்டை விற்றுப் பணம் கொடுத்தவர்! அங்கே விமானப் பொறியியல் படித்த ராமேசுவரத்து இளைஞர் ஒருவர், சாராபாய் முன் நேர்முகத் தேர்வுக்குச் சென்று வெற்றி பெற்றார். அவர்தான் அப்துல் கலாம். பிற்காலத்தில் ஜனாதிபதி ஆனார்.

தனியார் ஒருவர் வீட்டை விற்று வளர்த்த கல்லூரி, அரசாங்க ராக்கெட்டுக்கு ஆள் கொடுத்தது!

குடிசைக்கு எட்ட வேண்டும்

சோற்றுக்குத் திண்டாடும் நாட்டுக்கு ராக்கெட் ஒரு கேடா என்று அப்போது பலர் கேட்டார்கள். சாராபாய் சளைக்கவில்லை. சந்திரனுக்குப் போகும் போட்டியில் இறங்க அவர் நினைக்கவில்லை. வானிலையை முன்கூட்டி அறிய வேண்டும், கிராமத்துக்குக் கல்வி போய்ச் சேர வேண்டும் என்பதே அவருடைய குறி.

1966-ல் விமான விபத்தில் பாபா இறந்தார். அணுசக்திப் பொறுப்பும் சாராபாய் தலையில் விழுந்தது. 1969-ல் "இஸ்ரோ" பிறந்தது. அதே ஆண்டு, துணைக்கோள் மூலம் கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்ட அமெரிக்காவுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது.

அதைப் பார்க்க அவர் இல்லை. ஓய்வின்றி உழைத்த உடல் தாங்கவில்லை. 1971-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 30-ந் தேதி, கேரளக் கோவளத்தில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அவரைச் சந்திக்க டெல்லியிலிருந்து திருவனந்தபுரம் வந்து இறங்கிய கலாமுக்கு, விமான நிலையத்திலேயே அந்தச் செய்தி காத்திருந்தது. சாராபாய்க்கு வயது 52-தான்.

அவர் கனவு கண்ட டெலிவிஷன், 1975 ஆகஸ்டில் 2,400 கிராமங்களுக்கு வந்தது. கிராமத்து மக்கள் ஒன்றுகூடி உட்கார்ந்து பார்த்தார்கள்.

மீண்டும் தனியார்

அவருக்குப் பின் வந்தவர்களும் தனியாரை ஒதுக்கவில்லை. எல் அண்டு டி, கோத்ரெஜ் போன்ற ஆலைகள் ராக்கெட்டின் பாகங்களைச் செய்து கொடுத்தன. ஆனால் ராக்கெட்டுக்குச் சொந்தக்காரர் அரசாங்கமே.

2020-ல் அந்தக் கதவு திறந்தது. தனியாரும் சொந்தமாக ராக்கெட் செய்து விடலாம் என்று அரசு அறிவித்தது. அப்போது இஸ்ரோவின் தலைவராக இருந்த கே.சிவனும் குரோம்பேட்டைக் கல்லூரியின் மாணவரே! தனியாருக்கு அனுமதி தரும் அமைப்பின் தலைமை அலுவலகம், சாராபாய் பிறந்த ஆமதாபாத்தில் அமைந்தது.

2022-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி, ஐதராபாத் கம்பெனி ஒன்றின் ராக்கெட் சீறிப் பறந்தது. இந்தியத் தனியாரின் முதல் ராக்கெட் அது. பெயர், "விக்ரம்-எஸ்"!

2024-ம் ஆண்டு மே 30-ந் தேதி, சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான அக்னிகுல் கம்பெனியின் ராக்கெட் பறந்தது. இரண்டும் கிளம்பியது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. அந்தத் தளத்தை அமைத்தது மக்களின் வரிப்பணம்.

முதலில் விதைத்தது பொதுப்பணம். இப்போது தனியாரும் அறுவடைக்கு வந்திருக்கிறார்கள். வரட்டும். தொழில் பெருகும், வேலை கிடைக்கும். ஆனால் லாபம் இல்லாத இடத்துக்கு வியாபாரி தேடிப் போகமாட்டான். புயல் எச்சரிக்கை ஏழை மீனவனுக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்குக் கணக்குப் பார்க்காத கை ஒன்று வேண்டும். அது அரசாங்கத்தின் கை.

ராக்கெட் யாருடையது என்பதைவிட, அதன் பலன் யாருக்கு என்பதே பெரிய கேள்வி. மில் முதலாளியின் மகன் அதை மறக்கவில்லை. அவர் பெயரைச் சூட்டிய ராக்கெட்டுகளும் மறக்கக் கூடாது.