மீட்பரை அறிந்த நீலகண்டர்

பாறசாலை எல்லைக்குத் தெற்கே, மார்த்தாண்டத்தை அடுத்த நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23 அன்று பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் அரசின் அலுவலராய்ப் பத்மநாபபுரத்தில் பணியாற்றினார். குடும்பத்தில் பொருளிழப்பு நேர்ந்தது, கால்நடைகள் மாண்டன. மனம் சோர்ந்திருந்த அவருக்கு ஆறுதலாய் வாய்த்தவர், 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவரான டிலனாய்.

டிலனாய் விவிலியத்தின் யோபு வரலாற்றை எடுத்துரைத்தார். மக்களையும் மந்தைகளையும் இழந்து, உடலெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் அமர்ந்திருந்த யோபு, தம் மீட்பர் உயிரோடிருக்கிறார், இறுதியில் மண்மேல் எழுந்து நிற்பார் என்று உறுதியாய் உரைத்தார். அதைக் கிறிஸ்துவைக் குறித்த முன்னறிவிப்பாகவே திருச்சபை கொள்கிறது. அதை உரைத்த வேளையில் இழந்தவற்றுள் ஒன்றேனும் யோபுவுக்குத் திரும்பியிருக்கவில்லை என்பது கருதத்தக்கது. பொருள் மீளும் என்ற நம்பிக்கையன்று அது.

நீலகண்டர் 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் சிறைப்பட்டார். எருக்கமாலை சூட்டி, எருமைமேல் ஏற்றி ஊர்தோறும் இழிவுபடுத்தினர் என்பர். அந்நிலையிலும் முகமலர்ச்சி குன்றாமல், காண வந்தோருக்கு அவரே ஆறுதல் கூறினார் என்பது வழிவழி வந்த செய்தி. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு தூய சவேரியார் ஆலயத்தில் அவரது கல்லறை உள்ளது. 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.