ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு என்று பரவலாக அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - ஜனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழில் முனைவரும் இயந்திரப் புனைவாளரும் ஆவார். பேருந்துத் தொழில், மின் மோட்டார் உற்பத்தி, தொழிற்கல்வி ஆகிய துறைகளில் முன்னோடியாகச் செயல்பட்டார். உலர் மின்கலத்தால் இயங்கும் சிறிய மோட்டாரைக் கொண்ட சவரக் கருவி இவருடைய படைப்புகளில் பெயர் பெற்றது. கம்பி இணைப்பு இல்லாமல் கையில் பிடித்து இயக்கும் மின்கருவிகள் உலகெங்கும் பரவுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அத்தகைய ஒன்றை வடிவமைத்த தமிழர் என்ற வகையில் இவர் நினைவுகூரத் தக்கவர். இவரை இந்தியாவின் எடிசன் என்று அழைப்பதும் உண்டு.

இளமைக் காலம்

நாயுடு கோயம்புத்தூர் மாவட்டத்தில் சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் இருக்கவில்லை. முறையான கல்வி தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. பின்னாளில் பொறியியல் கல்லூரி ஒன்றை நடத்திய இவர் எந்தப் பொறியியல் பட்டமும் பெற்றவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

அவருடைய உண்மையான கல்வி ஒரு மோட்டார் சைக்கிளில் தொடங்கியது எனலாம். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் தம் ஊர்ப் பக்கம் ஓட்டி வந்த ரட்ஜ் வகை மோட்டார் சைக்கிளைக் கண்ட இளைஞர் துரைசாமி, மாடோ குதிரையோ இல்லாமல் ஓடும் அந்த வண்டியைத் தாமும் வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். கோயம்புத்தூர் சென்று உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, அதே அதிகாரியிடமிருந்து அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதை ஓட்டி மகிழ்வதோடு நிற்கவில்லை. பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டு, மீண்டும் பூட்டி, எந்தப் பாகம் எதற்காக இருக்கிறது என்பதைத் தாமே அறிந்துகொண்டார். புத்தகம் வழியாக அல்லாமல் திருப்புளி வழியாக இயந்திரத்தைப் படித்த இந்த முறையை அவர் வாழ்நாள் முழுவதும் கைவிடவில்லை.

முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்தி வணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பம்பாய்ப் பருத்திச் சந்தைக்குச் சென்றபோது அங்கிருந்த பெரு வணிகர்களோடு போட்டியிட இயலாமல் பெரும்பாலானதை இழந்து ஊர் திரும்பினார்.

பேருந்துத் தொழில்

கோயம்புத்தூரின் தொழில் வளர்ச்சியில் பெரும் பங்காற்றிய ஆங்கிலேயரான ராபர்ட் ஸ்டேன்ஸ் அவர்களின் ஆதரவு நாயுடுவுக்குக் கிடைத்தது. அவருடைய உதவியுடன் 1920-ஆம் ஆண்டு ஒரே ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். இத்தொழில் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாயிற்று. சுருக்கமாக யு. எம். எஸ். என்று அழைக்கப்பட்ட இந்நிறுவனத்தின் பேருந்துகள் நேரம் தவறாமைக்குப் பெயர் பெற்றவை. பழுதான வண்டிகளை வெளியே அனுப்பாமல் தம் பட்டறையிலேயே சரிசெய்யும் வழக்கம், பிற்கால மோட்டார் முயற்சிகளுக்கு வேண்டிய கைத்திறன் உள்ள தொழிலாளர்களை அவருக்கு உருவாக்கித் தந்தது.

மின் மோட்டார்

நீலகிரியில் பைக்காரா புனல் மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கிய மின்சாரம் கோயம்புத்தூர்ச் சமவெளியில் நூற்பாலைகளையும் ஆழ்கிணற்றுப் பாசனத்தையும் பெருக்கியது. மின்சாரம் வந்துவிட்டது, அதைச் சுழற்சியாக மாற்றும் மோட்டாரோ கப்பலில் வரவேண்டியிருந்தது. இந்தக் குறையை நீக்கும் முயற்சியில் நாயுடுவும் பொறியாளர் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இறங்கினர். 1937-இல் பீளமேட்டில் இருந்த நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் பட்டறையிலிருந்து அவர்களுடைய மின் மோட்டார் வெளிவந்தது. இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார் இதுவே என்று கருதப்படுகிறது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். மோட்டாரும் நீரேற்றியும் கோயம்புத்தூரின் அடையாளமாக மாறியதற்குத் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று இந்தப் பீளமேட்டுப் பட்டறை ஆகும்.

மின்கலச் சவரக் கருவி

கிணற்று மேட்டில் வைக்கும் மோட்டாரும் சவரக் கருவிக்குள் அடங்கும் மோட்டாரும் இயற்பியல் அடிப்படையில் உறவினவே. ஆயினும் சிறியதைச் செய்வது வேறு வகையான சிக்கல். எடை, அதிர்வு, வெப்பம் ஆகிய மூன்றையும் மனிதனின் கை தாங்கவேண்டும். நாயுடு பலமுறை மேற்கொண்ட ஐரோப்பியப் பயணங்களின் பயனாக ரேசண்ட் என்ற பெயருடைய சவரக் கருவி உருவாயிற்று. உலர் மின்கலங்களால் இயங்கும் சிறிய மோட்டார் ஒன்று அதனுள் இருந்தது. ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் அது தயாரிக்கப்பட்டது.

மின் சவரக் கருவியையே நாயுடுதான் முதன்முதலில் கண்டுபிடித்தார் என்று சில நூல்களில் காணப்படுவது சரியன்று. அமெரிக்கரான ஜேக்கப் ஷிக் தம்முடைய மின் சவரக் கருவியை 1931-இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். ரேசண்டின் சிறப்பு வேறு இடத்தில் உள்ளது. சுவரில் மின் இணைப்பு இல்லாத வீட்டிலும், தொடர்வண்டிப் பயணத்திலும் பயன்படுத்தத் தக்கதாக அது இருந்தது. அக்காலத் தமிழகத்தில் இது சிறிய செய்தி அன்று. பைக்காராவின் மின்சாரம் கோயம்புத்தூரை ஒளியேற்றிய அதே ஆண்டுகளில், ராமநாதபுரம், ராமேசுவரம் போன்ற கிழக்குக் கடற்கரைப் பகுதிகளின் ஊர்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தன. நாயுடு மண்ணெண்ணெயால் இயங்கும் மின்விசிறி போன்ற காற்றாடி ஒன்றையும் உருவாக்கினார் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். கம்பி எட்டாத இடத்துக்கும் இயந்திரம் எட்டவேண்டும் என்ற எண்ணம் இரண்டிலும் உள்ளது.

சவரக் கருவி இயங்கிய அதே மின்கலத்தில் துளையிடும் கருவி ஏன் இயங்கவில்லை என்ற கேள்வி மாணவர்களுக்கு எழலாம். முடியை வெட்டச் சில வாட் ஆற்றல் போதும். மரத்திலோ செங்கல்லிலோ துளையிட அதைப் போலப் பல மடங்கு ஆற்றல் தேவை. துத்தநாகமும் கரியும் கொண்ட பழைய உலர் மின்கலத்திலிருந்து ஒரே நேரத்தில் மிகுதியான மின்னோட்டத்தை இழுத்தால் அதன் மின்னழுத்தம் சரிந்து மோட்டார் நின்றுவிடும். எனவே தடை மோட்டாரில் இருக்கவில்லை, மின்கலத்தில் இருந்தது. கம்பியுடன் கூடிய மின் துளைப்பானுக்கு மெல்போர்ன் நகரில் ஆர்தர் ஆர்னாட், வில்லியம் பிரெய்ன் ஆகியோர் 1889-லேயே காப்புரிமை பெற்றிருந்தனர். துப்பாக்கி போன்ற பிடியும் விசையும் கொண்ட வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917-இல் காப்புரிமை பெற்றது. கம்பியற்ற துளைப்பானோ, மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல்-காட்மியம் மின்கலங்களின் துணையுடன் 1961-இல்தான் அதே நிறுவனத்திடமிருந்து வந்தது. அதுவும் வலுக் குறைந்ததாகவே இருந்தது. லித்தியம் அயனி மின்கலங்கள் 2005-ஆம் ஆண்டு வாக்கில் இத்துறைக்கு வந்த பிறகே கம்பியற்ற கருவிகள் கம்பியுள்ளவற்றுக்கு இணையாக நின்றன.

இக்கருவிகளை வாங்குவோர் அடிக்கடி குழம்பும் ஒரு செய்தியும் இங்கே விளக்கத் தக்கது. 18 வோல்ட் என்றும் 20 வோல்ட் என்றும் பெட்டிகளில் அச்சிடப்படுபவை பெரும்பாலும் ஒரே மின்கலத் தொகுதியே. லித்தியம் அயனிக் கலம் ஒன்றின் இயல்பான மின்னழுத்தம் 3.6 வோல்ட், ஐந்து கலங்கள் சேர்ந்தால் 18. முழுதாக மின்னேற்றிய நிலையில் அது 20-ஐத் தொடும். துளைப்பான் இடைவிடாது சுழலும். இம்பாக்ட் டிரைவர் எனப்படுவதோ உள்ளிருக்கும் சிறு சுத்தியலால் சுழற்சித் திசையிலேயே விரைவாகத் தட்டித் தட்டித் திருகாணியை முறுக்குவது. நீண்ட திருகாணிக்கும் இறுகிய போல்ட்டுக்கும் அது ஏற்றது. சுவரில் துளையிடுவதற்கு ஆனதன்று. செங்கல் சுவருக்கு, அலகை முன்னும் பின்னும் தட்டும் வசதியுடைய துளைப்பான் வேண்டும். பாம்பன், ராமேசுவரம் கரைகளில் மணல்மேல் ஏற்றிய படகைப் பழுதுபார்ப்பவருக்கு அருகில் மின் இணைப்பு இருப்பதில்லை. கம்பியற்ற கருவியின் பயன் அங்கே தெளிவாகப் புலப்படும். உப்புக் காற்று மின்கலத்தின் உலோக முனைகளை அரித்துவிடுமாதலால், வேலை முடிந்ததும் அவற்றைத் துடைத்து உலர்ந்த இடத்தில் வைப்பது நல்லது.

பிற படைப்புகள்

மிக மெல்லிய சவர அலகு, திரைப்படக் கருவிக்கான தொலைவு சரிசெய்யும் அமைப்பு, பழச்சாறு பிழியும் கருவி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப் பதிவு இயந்திரம் ஆகியவை இவருடைய பிற படைப்புகளாகக் குறிப்பிடப்படுகின்றன. வேளாண்மையிலும் ஆய்வுகள் செய்து, வழக்கத்தைவிட மிக உயரமாக வளரும் பருத்திச் செடிகளை உருவாக்கினார். ஒளிப்படக் கலையில் ஆர்வம் மிக்கவர். இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தை 1936-இல் லண்டனில் தாமே படம் பிடித்தார்.

விலை பற்றிய இவருடைய கருத்து தனித்துப் பேசவேண்டியது. ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை இந்தியாவில் 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941-இல் அறிவித்தார். 1952-இல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய். அரசு உற்பத்தி உரிமம் வழங்க மறுத்ததால் அந்தக் கார் தயாரிப்பு நின்றுபோனது. விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் எந்தப் பொருளை யார், எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை அரசின் உரிமமே தீர்மானித்தது. பெரிய ஆலைகளுக்கு அந்தக் காத்திருப்பு செலவுக் கணக்கில் ஒரு வரி; பட்டறையில் ஒரு மாதிரியைச் செய்து முடித்து நின்ற தனிமனிதருக்கு அதுவே முடிவாக அமைந்தது. கையடக்கச் சவரக் கருவி அயல்நாட்டில் உருப்பெற்றது. மலிவுக் கார் உருப்பெற்றும் சாலைக்கு வரவில்லை. நாயுடுவின் படைப்புகளில் பல கண்காட்சிப் பொருள்களாகவே நின்றுவிட்டதற்கு அவருடைய பல துறை நாட்டமும் ஓரளவு காரணம் என்றாலும், உரிமக் கொள்கையின் பங்கே பெரிது.

தொழிற்கல்வி

நாயுடு 1944-இல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்புகளிலிருந்து விலகினார். ஆய்வு உதவித்தொகை, தொழிலாளர் நலம் ஆகியவற்றுக்கு நன்கொடைகள் அளித்தார். அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோயம்புத்தூரில் 1945-இல் தொழிற்கல்லூரி தொடங்கப்பட்டதில் இவருடைய பங்கு முதன்மையானது. அதன் முதல்வராகவும் இருந்தார். பொறியியல் கல்விக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, பட்டறையில் முறையாகப் பயிற்றுவித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவருடைய உறுதியான கருத்து. அரசு இதை ஏற்கவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகினார். கழற்றிப் பூட்டியே கற்றுக்கொண்ட ஒருவரிடமிருந்து இத்தகைய கருத்து வந்ததில் வியப்பில்லை. ஆயினும் தம்மைப் போன்ற தனித்திறன் எல்லா மாணவரிடமும் இருக்கும் என்று அவர் எண்ணிவிட்டாரோ என்று ஐயுறவும் இடமுண்டு. அக்கல்லூரி பின்னர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. பீளமேட்டில் அது தொடங்கிய இடம் இன்றும் மக்கள் வழக்கில் ஹோப் காலேஜ் என்றே அழைக்கப்படுகிறது. பேருந்தில் அங்கே இறங்குவோர் பலருக்கும் அப்படி ஒரு கல்லூரி அங்கு இல்லாதது புதிராகவே இருக்கும்.

மறைவும் நினைவுச் சின்னங்களும்

நாயுடு 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தம் 80-ஆம் வயதில் காலமானார். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள ஜி. டி. நாயுடு தொழிற்கண்காட்சியில் அவருடைய படைப்புகளும், அவர் பல நாடுகளிலிருந்து சேகரித்த கருவிகளும் வைக்கப்பட்டுள்ளன. அதே வளாகத்தில் பழைய கார்களுக்கான அருங்காட்சியகமும் அவர் குடும்பத்தாரால் அமைக்கப்பட்டுள்ளது. அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் கட்டப்பட்டு 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்குத் தமிழக அரசு இவருடைய பெயரைச் சூட்டியது.